தேர்தலில் நிற்கலாமா, திருந்தி வந்தவரை நம்பலாமா?

கேள்வி இரண்டு பாகமாக வந்திருக்கிறது. இந்த அமைப்பையே மாற்ற வேண்டும் என்று சொல்கிற சோசலிஸ்டுகள், அதே அமைப்பு நடத்தும் தேர்தலில் நின்று பதவிக்குப் போகலாமா என்பது ஒன்று. நேற்றுவரை எதிர்ப்பக்கம் இருந்த அரசியல்வாதி, "நான் மாறிவிட்டேன், இனி உங்களோடுதான்" என்று வந்து நின்றால் நம்பலாமா என்பது இன்னொன்று.

முதல் பாகத்துக்கு என் பதில்: நிற்கலாம், நிற்கவும் வேண்டும். ஆனால் எந்த நாற்காலிக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். இரண்டாவதுக்கு: அவர் உண்மையிலேயே மாறியிருக்கலாம், நடிக்கவும் செய்யலாம். அதைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் பிழைப்போம் என்ற நிலையில் ஓர் இயக்கம் இருந்தால், கோளாறு அந்த இயக்கத்தில்தான். ஆயுள் முழுக்கச் செங்கொடி பிடித்தவர்கள் செய்த சேதம், திருந்தி வந்தவர்கள் செய்ததைவிடக் குறைவில்லை.

தேர்தலே வேண்டாம் என்பவர்களின் வாதத்தை முதலில் பார்த்துவிடலாம். அது நேர்மையான வாதம்தான், ஆதாரமும் உண்டு. அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதத்தின் முன்னோடியான புரூதோன் 1848-ல் பிரெஞ்சு தேசிய சபைக்குத் தேர்வானார். அந்த ஜூன் மாதம் பாரிஸ் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது, சபை வேலையில் மூழ்கிக் கிடந்த தனக்கு வெளியே மக்கள் மத்தியில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை என்று பின்னால் அவரே எழுதினார். ஆனால் ஒதுங்கி நிற்பது இயக்கத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பதுதான் இந்த வாதத்தின் உயிர். ஸ்பெயின் அந்த உயிரையே எடுத்துவிட்டது. அரசாங்கம் என்பதையே ஒப்புக்கொள்ளாத சி.என்.டி. தொழிற்சங்கம், 1936 ஜூலையில் பார்சலோனா தெருக்களைக் கையில் வைத்திருந்தது. நவம்பரில் அதன் தலைவர்கள் நான்கு பேர் மத்திய அரசில் அமைச்சர்கள் ஆனார்கள். 1937 மே மாதம் அதே நகரத்தில் அவர்களுடைய தொண்டர்களே தடுப்பரண் போட்டுச் சண்டையிட்டபோது, அந்த அமைச்சர்கள் வானொலியில் "துப்பாக்கியைக் கீழே வையுங்கள்" என்று கேட்க வேண்டி வந்தது. பதவியைப் பற்றி முன்கூட்டி யோசிக்கவே மாட்டோம் என்றவர்கள், நெருக்கடி வந்ததும் நிபந்தனை, கணக்கு எதுவும் இல்லாமல் பதவிக்குள் விழுந்தார்கள். யோசித்து வைப்பது நல்லது.

மார்க்ஸும் எங்கெல்ஸும் இதில் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1880-ல் பிரெஞ்சுத் தொழிலாளர் கட்சியின் வேலைத்திட்டத்துக்கு மார்க்ஸ் எழுதித் தந்த முகவுரை, இதுவரை ஏமாற்றும் கருவியாக இருந்த வாக்குரிமையை விடுதலைக் கருவியாக மாற்றலாம் என்கிறது. 1895-ல் எங்கெல்ஸ் அதையே இன்னும் உற்சாகமாகச் சொன்னார். அவர்கள் கண்முன் இருந்தது ஜெர்மனி. 1878 முதல் 1890 வரை அங்கே சோசலிஸ்ட் அமைப்புகள், பத்திரிகைகள், கூட்டங்கள் எல்லாமே தடை செய்யப்பட்டிருந்தன. ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: தனி நபராகத் தேர்தலில் நிற்கலாம், ஜெயித்தால் ரைக்ஸ்டாக்கில், அதாவது ஜெர்மன் நாடாளுமன்றத்தில், பேசலாம். அந்தச் சின்ன ஓட்டையை வைத்துக்கொண்டு 1881-ல் சுமார் 3 லட்சமாக இருந்த வாக்குகளை 1890-ல் 14 லட்சத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். தடைச் சட்டம் காலாவதியானது, அதைக் கொண்டுவந்த தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கும் பதவியிழந்தார்.

இதுதான் முதல் வகை: எதிர்க்கட்சி வரிசையில் ஓர் இடம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஜெர்மன் சோசலிஸ்ட் தலைவர் ஆகஸ்ட் பெபெல் 1870-ல் போர்க்கடன் வாக்கெடுப்பில் கை தூக்க மறுத்தார். அடுத்த ஆண்டு, பாரிஸ் தொழிலாளர்கள் அமைத்த நகர ஆட்சியான பாரிஸ் கம்யூனை ராணுவம் நசுக்கிக்கொண்டிருந்த வாரத்திலேயே, ஐரோப்பியத் தொழிலாளர்களின் கண்கள் பாரிஸைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று சபையில் எழுந்து நின்று சொன்னார். அப்புறம் தேசத்துரோக வழக்கில் இரண்டு ஆண்டு சிறை. சபையில் அந்த நாற்காலி இல்லாவிட்டால் அந்தப் பேச்சை நாடு முழுக்கக் கேட்டிருக்க வழியில்லை. அந்த நாற்காலியில் இருந்து அவர் எந்தத் துறையையும் நிர்வகிக்கவில்லை, யார் மீதும் போலீஸை ஏவும் நிலையும் அவருக்கு வரவில்லை.

ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. பெபெலின் கட்சியான ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி 1912 தேர்தலில் 34.8 சதவீத வாக்கும் 110 இடங்களும் பெற்று சபையின் மிகப் பெரிய கட்சியானது. பத்து லட்சம் உறுப்பினர்கள், சுமார் 90 நாளிதழ்கள், சொந்தக் கட்டடங்கள், நிதி, சம்பளத்துக்கு வேலை செய்யும் நிர்வாகிகள். 1914 ஆகஸ்ட் 4 அன்று போர்க்கடன் வாக்கெடுப்பு வந்தது. முந்தைய நாள் உள்கூட்டத்தில் 14 பேர்தான் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் ஒருவர் கட்சியின் இணைத்தலைவர் ஹூகோ ஹாஸே. மறுநாள் சபையில் "போர்க்கடனை ஆதரிக்கிறோம்" என்ற அறிக்கையை வாசித்தவரும் அவரேதான். கட்டுப்பாடு அப்படி. யாரும் லஞ்சம் வாங்கவில்லை, விலை போகவில்லை. போரை எதிர்த்தால் மறுநாளே தடை வரும், முப்பது வருஷம் கட்டியதெல்லாம் போய்விடும் என்ற பயம் பலரை ஆட்டியது. நாமும்தானே இந்த நாடு என்ற உணர்வும் கலந்திருந்தது. இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று பாடிய கட்சிக்கு இழப்பதற்கு நிறையச் சேர்ந்துவிட்டது. துரோகி என்று ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தால் மனசு ஆறும், ஆனால் இங்கே தேடினால் கிடைக்க மாட்டார்கள். பின்னால் போரெதிர்ப்புக்கே பெயர்பெற்ற கார்ல் லீப்க்னெக்ட்டே அன்று கட்டுப்பாட்டுக்குப் பணிந்து ஆதரவாகத்தான் வாக்களித்தார். டிசம்பர் 2 அன்றுதான் தனி ஆளாக எதிர்த்தார்.

அடுத்தது உள்ளாட்சி. சோசலிஸ்டுகள் இதை ஏனோ இரண்டாம் பந்தியாகவே நினைக்கிறார்கள். சாக்கடை, குடிநீர், வீடு என்றால் கோட்பாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் இளப்பம். அமெரிக்காவின் மில்வாக்கியில் டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை மேயராக இருந்தபோது, அவர் தரப்பினரைச் சொந்தக் கட்சிக்காரர்களே "சாக்கடை சோசலிஸ்டுகள்" என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் எத்தனை பேருக்கு ஒரு நகரத்தை 24 ஆண்டு ஊழலில்லாமல் நடத்தத் தெரிந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. வியன்னா நகராட்சி 1923-லிருந்து பத்து ஆண்டுகளில், பணக்காரர்களின் ஆடம்பரத்துக்கும் பெரிய வீடுகளுக்கும் வரி போட்டு, 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைத் தொழிலாளர்களுக்குக் கட்டியது. 1934 பிப்ரவரியில் ஆஸ்திரிய ராணுவம் அதே குடியிருப்புகள் மீது பீரங்கி வைத்துச் சுட்டது. நகராட்சியால் வீடு கட்ட முடிந்தது. ராணுவம் அதன் கையில் இல்லை.

ஆனால் உள்ளாட்சியில் எனக்கு மிகப் பிடித்த உதாரணம் லண்டனின் பாப்லர். 1921-ல் ஏழைகள் நிறைந்த அந்தப் பகுதி, வேலையில்லாதோர் நிவாரணச் சுமையைத் தானே தாங்க வேண்டியிருந்தது. பணக்காரப் பகுதிகளுக்கு அந்தச் சுமையே கிடையாது. அது போதாதென்று லண்டன் மாவட்ட மன்றத்துக்கும் பங்கு கட்ட வேண்டும். ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையிலான மன்ற உறுப்பினர்கள் கட்ட மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். நீதிமன்றத்துக்கு வாத்தியம் முழங்க ஊர்வலமாகப் போனார்கள். 30 உறுப்பினர்கள் சிறைக்குப் போனார்கள், பெண்களும் உண்டு. சிறைக்குள்ளேயே மன்றக் கூட்டம் நடத்தினார்கள், வேறு சிறையிலிருந்த பெண் உறுப்பினர்களை வண்டியில் கூட்டி வந்தார்கள். ஆறு வாரத்தில் அரசு இறங்கி வந்தது. சுமையைப் பணக்காரப் பகுதிகளும் பகிர்ந்துகொள்ளும்படி சட்டம் மாறியது. இங்கே பதவி போராட்டத்துக்கு ஆயுதமாக இருந்தது. தெருவில் கூட்டம் திரண்டிருந்ததால்தான் அது வேலை செய்தது. அப்படி நிற்பதற்கு விலையும் உண்டு: சிறை சென்ற உறுப்பினர்களில் ஒருவரும் லான்ஸ்பரியின் மருமகளுமான மின்னி லான்ஸ்பரி, விடுதலையான சில மாதங்களில் முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனார்.

மூன்றாவது வகைதான் விஷம்: இன்னொருவர் நடத்தும் அமைச்சரவையில் ஓரிரு துறை வாங்கிக்கொண்டு உட்காருவது. இந்தச் சண்டை 1899-ல் பாரிஸில் தொடங்கியது. வலதுசாரிகளிடமிருந்து குடியரசைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி சோசலிஸ்ட் அலெக்சாந்தர் மில்லரான் வணிக அமைச்சர் ஆனார். அதே மேசையில் போர் அமைச்சராக உட்கார்ந்திருந்தவர் ஜெனரல் கலிஃபே, 1871-ல் கம்யூன் தொழிலாளர்களைச் சுட்டுத் தள்ளியவர். பிரெஞ்சு சோசலிஸ்ட் தலைவர்களில் ழோரெஸ் ஆதரித்தார், கெஸ்ட் எதிர்த்தார், உலகம் முழுக்க சோசலிஸ்டுகள் இரண்டாகப் பிரிந்தார்கள். மில்லரான் சும்மா உட்காரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டம் ஒன்றை 1900-ல் கொண்டுவந்தார், உண்மையான பலன். ஆனால் 1910-ல் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தபோது பிரதமர் அரிஸ்டிட் பிரியாண், ஒரு காலத்தில் பொது வேலைநிறுத்தத்தின் முழங்கு குரல், வேலைநிறுத்தக்காரர்களை ரிசர்வ் ராணுவ வீரர்களாக அழைத்து வேலைநிறுத்தத்தை உடைத்தார். ரயில்வே அடங்கிய பொதுப்பணித் துறைக்கு அன்றைய அமைச்சர் மில்லரான். 1920-ல் அவர் குடியரசுத் தலைவராகவே ஆனார், வலதுசாரிகளின் ஆதரவோடு.

தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான, கசப்பான கதை இலங்கையின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியுடையது. 1935-ல் தொடங்கிய கட்சி. 1948-ல் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து வாக்களித்தது. 1953 ஆகஸ்ட் 12, அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதை எதிர்த்து அது முன்னின்று நடத்திய ஹர்த்தாலில் நாடே நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அப்போது அந்தக் கட்சியிடம் ஓர் அமைச்சர் பதவிகூட இல்லை. சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் 1956-ல் வந்தபோது, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்ற பொருளில் அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்ததை இன்றும் மேற்கோள் காட்டாத தமிழர் இல்லை.

1964 ஜூனில் இதே கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்தது. கட்சித் தலைவர் என்.எம். பெரேரா நிதி அமைச்சர். அதற்கு முந்தைய மாதங்களில் எல்லாத் தொழிற்சங்கங்களும் ஒன்றாக 21 கோரிக்கைகளை முன்வைத்து ஒரு பெரிய போராட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. பதவி ஏற்றதும் அந்த வேகம் அடங்கியது. சிறிமாவோ எதற்காக அழைத்தார் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். அந்த அக்டோபர் 30 அன்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 மலையகத் தமிழர்களை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. 1948-ல் அந்த மக்களுக்காக வாக்களித்த கட்சியின் அமைச்சர்கள் அமைச்சரவையில் இருந்தார்கள். 1970-ல் மறுபடியும் கூட்டணி, இந்தமுறை பெரிய வெற்றி. கொல்வின் அரசியலமைப்பு விவகார அமைச்சர். அவர் வடித்த 1972 அரசியலமைப்பு சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதி செய்தது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, சிறுபான்மையினருக்கு இருந்த பழைய பாதுகாப்புப் பிரிவை விட்டுவிட்டது. 1975-ல் கட்சியை அரசிலிருந்து வெளியே தள்ளினார்கள். 1977 தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

கொல்வின் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. பெரேராவும் அப்படியில்லை. இருவரும் படித்தவர்கள், காலனி ஆட்சியில் சிறையில் இருந்தவர்கள், சொத்து சேர்க்கப் பதவிக்கு வரவில்லை. அதனால்தான் இந்தக் கதை முக்கியம். ஒருவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே எதையும் தீர்மானிக்கவில்லை. கூட்டணி அமைச்சரவையில் சிறுபங்குதாரர், எல்லா முடிவுக்கும் கூட்டுப்பொறுப்பு ஏற்கிறார், ஆனால் எந்த முடிவையும் தனியாக எடுக்க முடியாது. வெளியே போய்விடுவேன் என்ற மிரட்டல் ஒன்றுதான் கையிலிருக்கும் துருப்புச்சீட்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தச் சீட்டின் மதிப்பு குறைகிறது, ஏனென்றால் வெளியே இருக்கும் தொண்டர்கள் கலைந்துகொண்டிருக்கிறார்கள். பெரிய பங்குதாரருக்கு இது நன்றாகத் தெரியும். அவசரமாக வெளியேற்றவும் மாட்டார். காய்ந்து உதிரும்வரை காத்திருப்பார்.

விதிவிலக்கு கிடையாதா? உண்டு. பாசிசம் வாசலில் நிற்கும்போது, ஒரு குறிப்பிட்ட சட்டத்துக்காக, குறிப்பிட்ட தேதி வரை, வெளியிலிருந்து ஆதரவு கொடுக்கலாம். அமைச்சர் பதவி வாங்காமலே அதைச் செய்ய முடியும். பதவியோடுதான் செய்ய வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், ஏன் என்று கேளுங்கள்.

நான்காவது, சொந்த ஆட்சி. இங்கே முதல் நாளிலேயே ஒரு கேள்வி வரும்: போலீஸ் இப்போது யாருடையது? 1954-ல் திருவிதாங்கூர்-கொச்சியில் பிரஜா சோசலிஸ்ட் கட்சி, சட்டமன்றத்தில் வெறும் 19 இடங்களோடு, காங்கிரஸின் தயவில் ஆட்சி அமைத்தது. பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சர். தென் திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரிய போராட்டத்தின்போது, ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் இருந்தார்கள். கட்சியின் பொதுச்செயலாளர் ராம்மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். அங்கிருந்தபடியே, சொந்தக் கட்சியின் ஒரே அரசைப் பதவி விலகச் சொன்னார். ஆயுதமில்லாத மக்களைச் சுட்டுவிட்டு ஒரு சோசலிஸ்ட் அரசு தொடரக் கூடாது என்பதுதான் அவர் வாதம். கட்சி கேட்கவில்லை. நிர்வாக நெருக்கடி, சட்டம் ஒழுங்கு, மற்ற கட்சிகள் சுடவில்லையா என்று எல்லாச் சமாதானமும் வந்தது. நவம்பரில் நாக்பூரில் கூடிய மாநாடும் அரசின் பக்கமே நின்றது. லோகியா பொறுப்பிலிருந்து விலகினார், அடுத்த ஆண்டு கட்சியே உடைந்தது. எந்த அரசைக் காப்பாற்ற இதெல்லாம் நடந்ததோ, அந்த அரசை 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் கவிழ்த்தது. பட்டம் தாணு பிள்ளை 1960-ல் காங்கிரஸோடு சேர்ந்து மறுபடி முதலமைச்சர் ஆனார், 1962-ல் பஞ்சாப் ஆளுநராகப் போனார்.

லோகியாவோடு எனக்குப் பல விஷயங்களில் உடன்பாடு கிடையாது. பிற்காலத்தில் அவர் காங்கிரஸை வீழ்த்த யாரோடும் சேரலாம் என்று போட்ட கணக்கு யாருக்குப் பயன்பட்டது என்பது தனிக் கதை. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவர் வைத்த அளவுகோலை ஆட்சிக்கு வந்த இடதுசாரிகள் யாருமே தாங்கவில்லை. 1957-ல் கேரளத்தில் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுகள், முதல் வாரத்திலேயே குத்தகைதாரர்களை வெளியேற்றத் தடை போட்டார்கள், தொழில் தகராறில் முதலாளிக்காகப் போலீஸ் வராது என்று அறிவித்தார்கள். இரண்டும் பெரிய விஷயம். அந்த ஆட்சியின் போலீசும் 1959 ஜூனில் அங்கமாலியில் சுட்டது. ஜூலை 31-ல் மத்திய அரசு 356-ஆவது பிரிவைப் போட்டு ஆட்சியைக் கலைத்தது.

ஆனாலும் 1957 வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கலைக்கப்பட்ட ஆட்சியின் நிலச் சட்டம் செத்துப் போகவில்லை. விவசாயிகள் சங்கம் வெளியே உயிரோடு இருந்தது. நிலத்தில் இனி யார் இருப்பது என்ற கேள்வியை யாராலும் மூடி வைக்க முடியவில்லை. வேறு வேறு கூட்டணிகள் வந்துபோய், 1970 ஜனவரி 1 அன்று ஜென்மி என்னும் நிலவுடைமை முறையும் குத்தகையும் சட்டப்படி முடிவுக்கு வந்தன. ஆட்சி 28 மாதம்தான் இருந்தது. அதைத் தாங்கிப் பிடித்த அமைப்பு அதைவிட நீண்ட நாள் இருந்தது. சிலியில் சோசலிஸ்ட் ஜனாதிபதி அயெந்தே 1970-ல் 36.6 சதவீத வாக்கோடு வந்தார், மூன்று வருஷத் தட்டுப்பாட்டுக்கும் விலைவாசிக்கும் பிறகும் 1973 மார்ச்சில் அவருடைய அணிக்கு 43 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. 1970-ஐவிட வாக்கு கூடியிருந்தது. அந்த ஆகஸ்டில் அரசியலமைப்புக்கு விசுவாசமானவர் என்று நம்பி பினோசெட்டை ராணுவத் தளபதியாக்கினார். மூன்று வாரம் தாங்கவில்லை, அதே பினோசெட் ராணுவத்தை வைத்து ஆட்சியைக் கவிழ்த்தார்.

சரி, நம்பிக்கை என்ற சொல் வந்துவிட்டது. திருந்தி வந்த அரசியல்வாதிகள் விஷயத்துக்குப் போகலாம்.

லிண்டன் ஜான்சன் டெக்ஸாஸின் இனவாத அரசியலில் வளர்ந்தவர். 1937-ல் அமெரிக்கக் காங்கிரஸுக்குள் நுழைந்ததிலிருந்து இருபது ஆண்டுகள், கறுப்பின மக்களின் உரிமைக்காக வந்த மசோதா எல்லாவற்றையும் எதிர்த்து வாக்களித்தார். அடித்துக் கொல்வதைத் தடுக்கும் மசோதாகூட அதில் அடக்கம். அதே ஜான்சன்தான் 1964-ல் குடிமை உரிமைகள் சட்டத்திலும் 1965-ல் வாக்குரிமைச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். மனசு மாறினாரா, ஜனாதிபதி ஆசை மாற்றியதா என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய் செல்மா நகரின் பாலத்தின் மேல் போலீஸிடம் அடிவாங்கியவர்கள் அந்த ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்கவில்லை. 1965 மார்ச் 7-ல் அடி விழுந்தது, 15-ஆம் தேதி ஜான்சன் சட்டம் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசினார். அவர்கள் அவரிடம் இயக்கத்தை ஒப்படைக்கவில்லை, தலைவராக ஏற்கவும் இல்லை. அதனால் வியட்நாம் போரை அவர் பெரிதாக்கியபோது மார்ட்டின் லூதர் கிங் அவரை எதிர்த்துப் பேச முடிந்தது.

இதற்கு நேர்மாறாகப் போனது பிரான்ஸ். பிரான்சுவா மித்தரான், நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசில் வேலை பார்த்து அதன் விருதும் வாங்கியவர், அப்புறம் எதிர்ப்பு இயக்கத்துக்குப் போனவர். அல்ஜீரியப் போரின்போது நீதி அமைச்சராக இருந்தார். அந்தக் காலத்தில் அல்ஜீரியப் போராளிகள் பலரின் தலை கில்லட்டினில் போனது. 1971-ல் சோசலிஸ்ட் கட்சி புதிதாகத் திரண்ட மாநாட்டில்தான் கட்சிக்குள் வந்தார், அதே மாநாட்டில் தலைவரும் ஆனார். கம்யூனிஸ்டுகள் மறு ஆண்டே அவரோடு பொதுத் திட்டத்தில் கையெழுத்திட்டார்கள். 1981-ல் ஜெயித்தார்கள், மரண தண்டனை ஒழிந்தது, வங்கிகள் நாட்டுடைமை ஆயின, ஓய்வு வயது 60 ஆனது. மித்தரான் திருந்தியது பொய் என்று சொல்ல முடியாது. 1983 மார்ச்சில் பிராங்க் நாணயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லாம் திரும்பியது, சிக்கன நடவடிக்கைகள் வந்தன. 1978-ல் 20 சதவீதத்துக்கு மேல் இருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் வாக்கு 1986-ல் பத்துக்குக் கீழே போனது. அதன் அமைச்சர்கள் நான்கு பேர் 1984 வரை அந்த அரசில் இருந்தார்கள். அவர்களால் ஏன் தெருவில் இறங்கித் தடுக்க முடியவில்லை என்பதற்குக் கொழும்பில் கிடைத்த பதிலே இங்கேயும்.

பதவியில் இருந்து இடது பக்கம் நகர்ந்தவர்களும் உண்டு, அபூர்வமாக. பிரிட்டனின் டோனி பென் பிரபுப் பட்டத்தை உதற சட்டத்தையே மாற்ற வைத்தவர், அறுபதுகளில் சாதாரண மிதவாத அமைச்சர். அமைச்சராக இருந்தபோது பார்த்தவைதான் அவரை மாற்றின. அதிகாரிகள் எப்படித் தடுக்கிறார்கள், வங்கிகள் எப்படி மிரட்டுகின்றன என்பதை உள்ளிருந்து பார்த்தார். அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்துக் கேட்க அவர் வைத்திருந்த ஐந்து கேள்விகளில் கடைசி, உங்களை எப்படி நீக்குவது என்பது. அவருடைய மாற்றத்தை நம்பலாமா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அது அவருக்குக் கட்சித் தலைமையையே கிடைக்காமல் செய்தது. லாபத்தோடு வரும் திருத்தத்தையும் நஷ்டத்தோடு வரும் திருத்தத்தையும் ஒரே தராசில் போட வேண்டாம்.

அந்தத் தராசும் போதாது என்பதற்கு ரோமான் மலினோவ்ஸ்கி. உலோகத் தொழிலாளர் சங்கச் செயலாளர், அருமையான பேச்சாளர். 1912-ல் டூமா என்னும் ரஷ்ய நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ஆறு போல்ஷ்விக்குகளில், அதாவது லெனின் கட்சிக்காரர்களில், முதன்மையானவர், லெனினின் செல்லப்பிள்ளை. திருந்தி வந்தவரே இல்லை, அசல் தொழிலாளி. ஜார் மன்னரின் ரகசியப் போலீஸ் அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்டாலினையும் ஸ்வெர்த்லோவையும் பிடித்துக் கொடுத்தது அவர்தான். 1917-ல் ஆவணங்கள் வெளிவந்தன, 1918-ல் சுட்டுக் கொன்றார்கள். லெனின் பின்னால் இதைப் பற்றி எழுதியது கவனிக்க வேண்டியது: ஒரு கையால் நம் தோழர்களைச் சிறைக்கு அனுப்பியவர், இன்னொரு கையால் பத்திரிகை வழியாகப் பல்லாயிரம் பேரைப் போல்ஷ்விக்குகளாக ஆக்க உதவ வேண்டியிருந்தது என்றார். லெனின் சமாளிக்கிறார் என்று தோன்றும், கொஞ்சம் சமாளிப்புதான். ஆனாலும் மற்ற ஐந்து டூமா உறுப்பினர்கள் போரை எதிர்த்து 1914 நவம்பரில் கைதாகி சைபீரியாவுக்குப் போனார்கள். ஒற்றன் தலைமையில் இருந்த குழுவே ஜெர்மனியின் 110 நேர்மையாளர்களைவிட உறுதியாக நின்றது.

அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாரிஸ் கம்யூன் 1871-லேயே தொட்ட சில சாதாரண ஏற்பாடுகளில் வந்து நிற்போம். தேர்ந்தெடுத்தவர்களே திரும்ப அழைக்கலாம். அரசுப் பொறுப்பில் யாருக்கும் வருஷத்துக்கு 6,000 பிராங்குக்கு மேல் சம்பளம் கிடையாது. இன்றைக்கு இதையே எளிதாகச் செய்யலாம். உறுப்பினரின் சம்பளம் கட்சிக்கு வரட்டும், ஒரு திறமையான தொழிலாளி வாங்கும் ஊதியத்தைக் கட்சி அவருக்குக் கொடுக்கட்டும். சபையில் எப்படி வாக்களிப்பது என்பதை சபைக் குழு தனியாக முடிவு செய்ய விடக் கூடாது, ஹாஸேக்கு நடந்தது அதுதான். சபை உறுப்பினர்களே தொழிற்சங்கத்தையும் நடத்துவதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் 21 கோரிக்கைகளுக்கு நேர்ந்தது நேரும். எந்தச் சூழ்நிலையில் பதவி விலகுவோம் என்பதைப் பதவி ஏற்கும் முன்பே எழுதி வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் முதல் வரி துப்பாக்கிச்சூடாக இருக்கட்டும்.

இவ்வளவும் இருந்தால், திருந்தி வருபவரை வரவேற்பதில் எனக்குத் தயக்கமில்லை. அவருக்கு நிர்வாகம் தெரியும், கோப்பு எப்படி நகரும், எங்கே நிற்கும் என்று தெரியும். நம்மில் பலருக்குத் தெரியாது. பழைய கட்சியில் தான் கையெழுத்திட்ட எந்த முடிவு தவறு என்று பெயர் சொல்லி, பொது மேடையில் பேசச் சொல்லுங்கள். "சூழ்நிலை அப்படி" என்று ஆரம்பித்தால் அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அந்த முடிவால் பாதிக்கப்பட்டவர்களின் போராட்டம் ஒன்று இன்னும் நடந்துகொண்டிருந்தால், மேடையில்லாத, கேமரா வராத ஒரு வேலையை அங்கே கொடுங்கள். அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது, அதற்கடுத்ததில் கிளைதான் முடிவு செய்யும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அன்றோடு வருவதை நிறுத்திக்கொள்வார்கள். மீதிப் பேருக்குக் கொடுக்கச் சங்க அலுவலகத்தில் எப்போதும் வேலை இருக்கும்.